ஓட்டி நின்ற இடங்கள்

ஒரு நாயை ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போவதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்பவர்கள், கனகலட்சுமியின் ஹவுஸ் ஓனர் சுப்பராயனைப் பார்த்திராதவர்களாகத்தான் இருப்பார்கள். பார்த்திருந்தால் அப்படிக் கேட்க வாய் வராது.

வல்லக்கோட்டையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் அவருடைய ஊர். வரிசையாக எட்டு ரூம் கட்டி, எட்டையும் ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஊரில் வார்டு மெம்பரும் அவர்தான். ஆகவே வீட்டுச் சட்டமும் ஊர்ச் சட்டமும் ஒரே வாயிலிருந்து வரும். அவர் மனைவி கோவிந்தம்மா நல்ல மனுஷி. ஆனால் எதைக் கேட்டாலும், "நான் இன்னாம்மா சொல்றது, அவரு சொல்றதுதான்" என்று நழுவிவிடுவாள்.

ஐந்தாம் நம்பர் ரூமில் கனகலட்சுமி. கடையத்துக்காரி. வயது இருபத்தாறு. கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்க் கட்டுகளைச் சேர்க்கிற லைனில் நான்கு வருஷமாக நிற்கிறாள். அவளோடு ஓட்டியும் இருந்தது. செம்மண் நிறத்தில் ஒரு தெருநாய், இடது காது பாதி கிடையாது. ஒரு மாசம் முழுக்க அவள் ஓ.டி., அதாவது ஓவர்டைம், பார்த்த சமயத்தில், தினமும் கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலிருந்து ரூம் வரைக்கும் துணைக்கு வந்தது. ஓ.டி.க்கு வந்த நாய் என்பதால் ஓட்டி. ஓ.டி. முடிந்தது, நாய் போகவில்லை.

அவள் ஷிப்டுக்குப் போனதும் ரூமுக்குள் கிடந்து ஊளையிடும். அக்கம்பக்கத்து ரூம்களில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். தூக்கம் கெட்டவன் சும்மா இருப்பானா? மற்ற ஏழு ரூமிலிருந்தும் புகார் போனது. "நாயி இருக்கணுமா, நீ இருக்கணுமா, நீயே யோசிச்சிக்கோ" என்று சுப்பராயன் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஜோயல் அந்த வழியைக் காட்டினான். ஏரிக்கரையில் தொடங்கி, முள்காட்டுக்குள் புகுந்து, இரண்டு பக்கமும் பாறை நிற்கும் ஒரு இடுக்கில் இறங்கி, ஓடையைத் தாண்டி மேலேறி, மறுபடி ஏரிக்கரைக்கே வந்து சேருகிற ஆறேழு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. ஆடு மேய்க்கிறவர்கள் போட்ட வழி. பாதை பிரிகிற இடங்களில் எல்லாம், சரியான பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கல் அடுக்கி வைத்திருப்பார்கள். கல்லைப் பார்த்து நடந்தால் யாரிடமும் வழி கேட்காமல் போய் வரலாம்.

ஞாயிறுதோறும் முழுப்பாதை, மற்ற நாட்களில் ஷிப்டைப் பார்த்து ஏரிக்கரை வரைக்கும். மூன்றே வாரத்தில் ஓட்டி ஆளே மாறிவிட்டது. ரூமுக்குள் விட்டால் சுருண்டு படுத்து அப்படி ஒரு தூக்கம். ஊளை நின்றது, புகாரும் நின்றது. கனகலட்சுமிக்கும் அந்த நடை வேண்டியிருந்தது. ஆறு நாளும் ஒரே இடத்தில் நின்று ஒரே ஒயரைச் சொருகுகிறவளுக்கு, ஓடைத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நாயோடு நடப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நல்லது நடந்தால் நாலு பேருக்குத் தெரியாமல் இருக்குமா? ஜோயல் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் படப்பையிலிருந்தும் ஆட்கள் நாயோடு வர ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிறு இருபது நாய். எவனோ ஒருவன் கொண்டுவந்த நாய், ஊரில் ஆடு மேய்க்கிற ஞானம்மாவின் ஆட்டுக்குட்டியை விரட்டி முள்ளுக்குள் தள்ளிவிட்டது. ஞானம்மா நேரே மெம்பர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள்.

சுப்பராயன் அன்று மாலையே ஐந்தாம் நம்பர் கதவைத் தட்டினார்.

"தோ பாரும்மா. இனிமே நாயிங்க ஒண்ணும் அந்தக் காட்டுப் பக்கம் போவக் கூடாது. ஊர்ல பேசியாச்சு."

கனகலட்சுமி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காடு போனால் நடை போகும். நடை போனால் ஊளை திரும்ப வரும். ஊளை வந்தால் ஓட்டி தெருவுக்குத்தான். லாரிகள் பறக்கிற அந்த ரோட்டில் அரைக்காது நாய் எத்தனை நாள் தாங்கும்?

"ஓனரய்யா, எவனோ ஒருத்தன் செஞ்ச தப்புக்கு எல்லாத்தையும் தண்டிக்கலாமா? எங்க நாய்ங்க ஒழுங்கா நடக்குதா இல்லையான்னு நீங்களே ஒரு நாள் வந்து பாத்துக்கிடுங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி. வர்ற ஞாயித்துக்கெயமை நானே வர்றேன். ஆனா ஒண்ணு. ஒரு நாயாவது கயித்த வுட்டு அவுந்துச்சின்னு வை, அன்னியோட காடு க்ளோஸ். உன் நாயும் என் வூட்ல இருக்கக் கூடாது. அப்பால வந்து அய்வாத."

மறுநாள் லைனில் இந்தக் கதையைக் கேட்டு முதலில் துள்ளியவர் சூப்பர்வைசர் அருள்பாண்டி. சாத்தூர்க்காரர். நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. ஃபைவ் எஸ். கம்பெனிக்காரர்களுக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொன்னால், வேண்டாததைக் கழி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, சுத்தமாக வை என்று போகிற ஐந்து படிகள். அந்த ஐந்துக்காக மூன்று வருஷம் தொடர்ந்து கேடயம் வாங்கியவர் அருள்பாண்டி. வீட்டில் பொண்டாட்டியின் அஞ்சறைப் பெட்டிக்குக் கூட லேபிள் ஒட்டியவர் என்று லைனில் பேச்சு.

"கனகா, நீ ஒண்ணும் கவலப்படாத. மெம்பரு வந்து பாத்தா அசந்துபோகணும். பாதைய நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் என்ன சிரமம்? சனிக்கிழமை எனக்கு லீவுதான. நாலு பேரக் கூட்டிட்டுப் போயி ஒரு ஃபைவ் எஸ் போட்டுப்புட்டு வந்துர்றேன்."

சனிக்கிழமை கனகலட்சுமிக்கு ஷிப்ட். அவள் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் ஆறு பேரும் மூன்று நாய்களும் கூடினார்கள். கனகலட்சுமியும் ஓட்டியும். ஜோயலும் அவனுடைய ராஜபாளையம் நாய் மேஜரும். மேஜர் வெள்ளை வெளேரென்று, மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பார்த்தால் யாருக்கும் மரியாதை தோன்றும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, புசுபுசுவென்று ஒரு குட்டை நாயோடு. அருள்பாண்டி தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடைசியாக சுப்பராயன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு வந்தார். கார்த்திகை மாசம், ஏரி நிறைந்து கிடந்தது. வானம் மூட்டமாக இருந்தாலும் மழை இல்லை.

கரையில் ஓர் இடத்தில் கற்கள் அளவுவாரியாக, பெரியது ஒரு வரிசை, நடுத்தரம் ஒரு வரிசை, சின்னது ஒரு வரிசை என்று அடுக்கப்பட்டு, சுற்றிலும் சுண்ணாம்பால் கோடு போடப்பட்டிருந்தது. பாதையில் ஒரு பிளாஸ்டிக் கவர் கிடையாது, ஒரு பாட்டில் கிடையாது. சுப்பராயன் நின்று பார்த்தார்.

"பரவால்லியே. சுத்தமா வச்சிக்கினு கீறீங்க."

அருள்பாண்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கனகலட்சுமிக்கு உயிர் வந்தது. அந்தக் கற்களை அவளும் பார்த்தாள். ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் யோசித்தது.

காட்டுக்குள் நுழைந்தார்கள். நுணாவும் சூரையும் காரையுமாக மரமும் புதரும் மழைக்குப் பின் பச்சென்று நின்றன. எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம். மேஜர் படு கம்பீரமாக ஜோயலின் முழங்காலை ஒட்டி நடந்தது. அந்தக் குட்டை நாய் கூட ஒழுங்கு. மானத்தை வாங்கியது ஓட்டி ஒன்றுதான்.

முதல் பிரிவில் அது சட்டென்று நின்றது. வெறும் தரையை மோந்து பார்த்தது. ஒரு சுற்று சுற்றியது. அங்கே மரமும் இல்லை, கல்லும் இல்லை. காலைத் தூக்கி வெறுந்தரையில் அடித்துவிட்டுத் திருப்தியாக வலப்பக்கம் இழுத்தது. சுப்பராயனும் வலப்பக்கம்தான் போனார்.

"வாலே, சீக்கிரம் வா," என்று கனகலட்சுமி கயிற்றைச் சுண்டினாள். அடுத்த பிரிவிலும் அதே கூத்து. அதற்கடுத்ததிலும் அதே. சுப்பராயன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உன் நாயிக்கு நீர்க்கடுப்பா?"

ஜோயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கனகலட்சுமிக்கு முகமெல்லாம் சூடேறியது. அதற்குப் பிறகு ஓட்டி எங்கே நின்றாலும் நிற்க விடாமல் இழுத்தாள். இழுத்து இழுத்து, கடைசியில் அது அவள் காலை ஒட்டி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

இடுக்குக்குள் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் பாறைச்சுவர், நடுவில் கணுக்கால் தண்ணீரில் ஓடை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஓரிடத்தில் ஓட்டி இடப்பக்கம் ஒரு முள்புதரைப் பார்த்து நின்றது. அவள் இழுத்தாள். அது காலை ஊன்றிக்கொண்டு நின்றது. "மெம்பர் பாக்காரு, வா மூதி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் போனாள்.

இன்னும் கால்மணி நேரம் நடந்த பிறகு இடுக்கு முடிந்துபோனது. எதிரே மூன்று ஆள் உயரப் பாறை, அதன் மேலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வழி இல்லை.

"இங்க சொவரு இருக்காதே," என்றான் ஜோயல்.

கனகலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். பதினோரு ஞாயிறு நடந்த பாதை. ஆனால் அவர்கள் யாரும் வழியைப் பார்த்து நடந்தவர்கள் இல்லை, கல்லைப் பார்த்து நடந்தவர்கள். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று வழிநெடுக ஒரு கல் அடுக்கைக்கூட அவள் பார்க்கவில்லை. மெம்பர் முன்னால் போகிறாரே, ஊர்க்காரர் ஆயிற்றே என்று பின்னாலேயே வந்துவிட்டாள். ஒரு காலத்தில் ஆடு மேய்த்த அவர் ஆட்டை விற்று இருபது வருஷம் ஆகிவிட்டது என்பதும், அதற்குப் பிறகு ரூம் கட்டுவதிலேயே இருந்தவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது.

"அண்ணே, பிரிவுக்குப் பிரிவு மூணு கல்லு அடுக்கியிருக்குமே, அது எங்க?"

"எந்தக் கல்லு?" என்றார் அருள்பாண்டி. கேட்கும்போதே அவர் குரல் இறங்கியது. "ஆங்... அதா? அங்கங்க சும்மா கெடந்துச்சா, தேவையில்லாத ஐட்டம்னு... எடுத்தாச்சும்மா."

"எடுத்து?"

"சைஸ்வாரியா ஏரிக்கரையில அடுக்கியிருக்கேன்ல. பாத்தியே."

ஜோயல் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அதுக்குப் பதிலா அம்புக்குறி போட்டு போர்டு ரெடி பண்ணிருக்கேன்," என்று அவசரமாகச் சொன்னார் அருள்பாண்டி. "லேமினேஷனுக்குக் குடுத்திருக்கு. மொதல் எஸ் நேத்து முடிஞ்சது. ரெண்டாவது எஸ் திங்கக்கிழமைதான்."

"அட பாவி," என்றார் சுப்பராயன்.

அந்த நேரத்தில் கனகலட்சுமி கீழே பார்த்தாள். காலுக்கடியில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் கலங்கியிருந்தது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. அவள் மலையடிவாரத்தில் பிறந்தவள். ஊரில் ஆற்றில் குளிக்கும்போது சின்னப்பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"தண்ணி செவக்குது. மேல மழ பெய்யுது. நிக்காதீங்க, எல்லாரும் திரும்புங்க!"

"இங்க ஒரு சொட்டு மழையில்ல, நீ இன்னாம்மா..."

"ஓனரய்யா, சொல்லுதேன்ல, திரும்புங்க!"

அவள் அப்படி யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. எல்லோரும் திரும்பினார்கள். பத்து நிமிஷத்தில் கணுக்கால் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இறங்கி வந்த இடத்தில் பார்த்தால் ஓடை சுழித்துக்கொண்டு ஓடியது. அதில் கால் வைக்க முடியாது. போனில் டவர் இல்லை. மேலே ஏற எங்காவது வழி இருந்தாக வேண்டும். பாறைச்சுவரில் ஆட்டுத் தடங்கள் ஏழெட்டுப் போயின, எது எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

"நான் பொறந்த ஊருடா இது," என்று சொல்லிக்கொண்டே சுப்பராயன் ஒரு தடத்தில் ஏறினார். கல் பெயர்ந்தது. சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. அதே சமயம் எங்கோ இடி இடித்தது. மேஜர், அந்த கம்பீரமான மேஜர், ஜோயலின் கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது.

கனகலட்சுமி ஓட்டியைப் பார்த்தாள். அது அவள் முகத்தைப் பார்த்தது. வெறுந்தரையில் காலைத் தூக்கியது நினைவுக்கு வந்தது. முதல் பிரிவு, இரண்டாவது, மூன்றாவது. கல் இல்லாத இடத்தில் எதற்கு நின்றது? அடக் கடவுளே! பதினோரு வாரமாக ஒவ்வொரு கல் அடுக்கிலும் கையெழுத்துப் போடுவதுபோல் காலைத் தூக்கிவிட்டுத்தானே வந்துகொண்டிருந்தது! கல்லைத்தான் எடுத்தார்கள். வாசனையை யார் எடுத்தது? அந்த முள்புதர்! அங்கே காலை ஊன்றிக்கொண்டு நின்றதே!

"ஓட்டிக்கு வழி தெரியும்," என்றாள். "கல்லு இருந்த எடத்துல எல்லாம் அது நின்னுச்சு. நான்தான் முட்டாக்கழுத, இழுத்துட்டு வந்தேன்."

"அப்ப போவச் சொல்லு," என்றான் ஜோயல்.

அவள் போகச் சொன்னாள். ஓட்டி நகரவில்லை. காலை ஒட்டி நின்று அவள் முகத்தையே பார்த்தது. காலையிலிருந்து அவள் சொல்லிக்கொடுத்ததே அதைத்தானே.

"கயிறு இருக்குத வரைக்கும் இது என்னையத்தான் பாக்கும், வழியப் பாக்காது."

அவள் கை ஓட்டியின் கழுத்துக்குப் போனது.

"யம்மா, அவுக்காத!" பாறைத் திட்டில் உட்கார்ந்திருந்த சுப்பராயன் வலியோடு கத்தினார். "நான் சொன்னது சொன்னதுதான். அவுந்துச்சின்னா அவ்ளோதான்!"

அவர் சொன்னதைச் செய்கிற ஆள். கனகலட்சுமிக்கு அது தெரியும். இந்தக் கொக்கியை எடுத்தால், நாளைக்கு ரூம் வாசலில் ஓட்டிக்கு இடம் இல்லை. தண்ணீர் தொடையைத் தொட்டது.

"சரி ஐயா. நாளைக்கு நானே கொண்டுபோய் விடுதேன். இப்ப நாம வெளிய போவணும்." கொக்கியை எடுத்தாள். "போலே ஓட்டி! ஒன் இஷ்டத்துக்குப் போ!"

ஓட்டி ஒரு கணம் நம்பாமல் நின்றது. பிறகு உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுப் பாய்ந்தது. தண்ணீரில் தாவி, பாறைமேல் ஏறி, சற்றுத் தள்ளி நின்ற அந்த முள்புதருக்கே நேராகப் போனது. மோந்தது. காலைத் தூக்கியது. புதருக்கு அடியில் குனிந்து நுழைந்து மறைந்தது. ஜோயல் ஓடிப்போய்ப் புதரை விலக்கினான். பின்னால் படிக்கட்டு மாதிரி பாறை மேலே போனது.

"இதான்! இதான் நம்ம வழி!"

அருள்பாண்டியும் ஜோயலும் சுப்பராயனை இரண்டு பக்கமும் தாங்கினார்கள். மேஜரை இருங்காட்டுக்கோட்டை அம்மாள் பிடித்துக்கொண்டாள், அவள் புருஷன் குட்டை நாயைத் தோளில் போட்டுக்கொண்டான். ஏறி மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது அவர்கள் நின்றிருந்த இடத்தில் செந்தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. சுப்பராயன் அதைப் பார்த்தார். "வல்லக்கோட்டையானே," என்று சாமியைக் கூப்பிட்டார்.

மேலே வெறும் கருவேலங்காடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. ஓட்டி முன்னால் ஓடும், நிற்கும், தரையை மோந்து காலைத் தூக்கும், திரும்பி அவர்கள் வருகிறார்களா என்று பார்க்கும். வந்துவிட்டால் மறுபடி ஓடும். இரண்டு பிரிவு தாண்டியாயிற்று. மூன்றாவதில் மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று கொட்டியது.

கனகலட்சுமிக்குப் பகீரென்றது. வாசனை கரைந்துவிட்டால்? ஓட்டி அங்கே சுற்றியது. வலப்பக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. இடப்பக்கம் போய் அதையும் விட்டது. நனைந்த மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றது.

"ஒண்ணும் அவசரமில்ல ராசா," என்றாள் அவள், தன் அவசரத்தை எல்லாம் அடக்கிக்கொண்டு. "நல்லா பாரு. யாரும் இழுக்க மாட்டோம்."

ஓட்டி ஒரு நுணாமரத்தின் வேரடிக்குப் போனது. இலை அடர்த்தியால் அங்கே தரை காய்ந்திருந்தது. மூக்கைப் புதைத்து நெடுமூச்சு இழுத்தது. அப்புறம் காலைத் தூக்கியது. மழைக்குள் ஆறு பேரும் கூவிக் கைதட்டினார்கள். அருள்பாண்டி தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு அதை எடுக்கவும் மறந்தார்.

அங்கிருந்து கால்மணி நேரத்தில் ஏரிக்கரை தெரிந்தது. கரை முழுக்க ஞானம்மாவின் ஆடுகள், நடுவில் குடையோடு ஞானம்மா. ஓட்டியின் கழுத்தில் கயிறு இல்லை. அது ஆட்டு மந்தைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

"ஓட்டி!" என்று அவள் அலறினாள்.

ஆடுகள் இரண்டாகப் பிரிந்தன. ஓட்டி ஒரு ஆட்டையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே போய், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, அளவுவாரியாக அடுக்கியிருந்த கற்களின் முன்னால் நின்றது. மோந்தது. அதன் வால் சுழன்றது. அத்தனை வாரம் உழைத்த சொத்து எல்லாம் ஒரே இடத்தில்! பெரிய வரிசைக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, சின்னதுக்கு ஒன்று என்று மூன்றுக்கும் காலைத் தூக்கி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தது.

முதலில் சிரித்தது அருள்பாண்டிதான். பிறகு ஜோயல். பிறகு, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டிருந்த சுப்பராயன், கால்வலியையும் மீறி வயிறு குலுங்கச் சிரித்தார்.

கோவிந்தம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கரைமேல் ஓடிவந்தாள். "இன்னாய்யா இது, நடந்து போன மன்ஷன் தொங்கிக்கினு வர்றே! நாயி ஏன் அவுந்து கீது? அவுந்தா வூட்ட வுட்டுத் தொரத்துவேன்னு நீதான சொன்னே?"

கனகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். கையில் கயிறு சுருட்டியபடி இருந்தது.

"யாரு அவுத்தது?" என்றார் சுப்பராயன்.

"நான்தான் ஐயா. சொன்ன சொல்ல மீறிட்டேன். நாளைக்கே..."

"நீயா அவுத்தே? நான்தான அவுக்கச் சொன்னேன்!" ஒரு கூச்சமும் இல்லாமல் ஊரறிய ஒரு பொய்யைச் சொன்னார். ஐந்து பேரையும் ஒரு முறை முறைத்தார். "இன்னா, நான்தான சொன்னேன்?"

"ஆமாமா, நீங்கதான் சொன்னீங்க," என்றான் ஜோயல். அருள்பாண்டி பலமாகத் தலையாட்டினார்.

"வூட்டுக்கு வா," என்றார் சுப்பராயன். மனைவியிடம் சொல்கிறாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஓட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கறி எடுத்தாந்து வச்சிட்டுத்தான் வந்தேன். எலும்பு உனுக்குத்தான்." கனகலட்சுமி மழையிலேயே ஓட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெட்கமே படவில்லை. நான்கு வருஷத்தில் அந்த ஊரில் அவள் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

அடுத்த ஞாயிறு, ஒரு காலில் கட்டுப் போட்டுக்கொண்டு சுப்பராயன் ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நடக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கு மூன்று கல்லைச் சுமந்துபோய் இருந்த இடத்திலேயே அடுக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. எந்தக் கல் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "ஓட்டி காட்டுவான், போ" என்றார். ஞானம்மாகூட மூன்று கல் தூக்கிக்கொண்டு போனாள். வேர்க்க விறுவிறுக்க அதிகம் சுமந்தவர் அருள்பாண்டி. அவருடைய லேமினேஷன் போர்டுகளில் ஒன்றைக்கூட மெம்பர் காட்டுக்குள் விடவில்லை.

ஆனால் போர்டு வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுஷனை அப்படியே விட்டுவிட முடியுமா? ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். என்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். அருள்பாண்டி தன் கையாலேயே மஞ்சளில் கருப்பாக எழுதி, ஏரிக்கரையில் பாதை தொடங்குகிற இடத்தில் நட்டார். இன்று போனாலும் பார்க்கலாம்:

"நாயோடு வருகிறவர்கள் தாராளமாக உள்ளே போகலாம். நாய் இல்லாமல் வருகிறவர்களுக்கு ஊர் பொறுப்பல்ல. இப்படிக்கு, சுப்பராயன், வார்டு மெம்பர்."